சர்பத்துக்குச் சொல்லாத சேதி

வந்ததுதான் வந்துவிட்டீர்கள், வாசலில் நின்று அவளைக் கலைக்க வேண்டாம், இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள். அந்தப் புல்லுக்கட்டின் மேல் உட்காரலாம், காய்ந்த புல்தான், உங்கள் வேட்டியில் ஈரம் ஒட்டாது. சத்தம் போட்டுப் பேச என்னால் ஆகாது, கையை இறக்கவும் ஆகாது, இந்த மருந்துப் பாட்டிலை என் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நிற்க வேண்டும் என்று மாட்டு ஆஸ்பத்திரி எஸ்தர் டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உத்திரத்தில் கட்டலாமே என்பீர்கள். கட்டித்தான் பார்த்தோம். ஆள் இல்லாமல் பாட்டில் மட்டும் தொங்கினால் இந்தக் கழுதை தலையை உதறிக் கழுத்து ஊசியைப் பிடுங்கிப் போடுகிறாள், நான் பக்கத்தில் தோளைக் கொடுத்து நின்றால் பேசாமல் நிற்கிறாள். குதிரையைக் கழுதை என்று சொன்னதற்கு முறைக்காதீர்கள். நீங்கள் இருக்கும்போதும் நான் இவளை அப்படித்தான் கூப்பிட்டேன், நீங்கள்தான் சர்பத்து, சர்பத்து என்று உருகுவீர்கள், நன்னாரி சர்பத்தைத் தண்ணீரில் ஊற்றினால் வருகிற நிறமாம். உங்களை வத்தலக்குண்டு மையவாடியில் மண்ணுக்குள் வைத்து வந்து இன்னும் என் இத்தா முடியவில்லை. புருஷன் போனவள் அந்தக் கெடு முடிகிற வரை வீட்டோடு இருக்க வேண்டும், நானும் இருக்கிறேன், வெள்ளைச் சேலை கட்டி, கண்ணாடி பார்க்காமல். மண்ணுக்குப் போனவர் லாயத்து வாசலில் வந்து நிற்பதெல்லாம் மார்க்கத்தில் கிடையாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்வார். எனக்கும் தெரியும். ஆனால் அவர் ஒரு தடவை சர்பத்தின் காதைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். விடிந்ததிலிருந்து இரண்டு காதும் திறந்து கிடக்கிற அந்தத் தெருக்கதவைப் பார்த்தே நிற்கின்றன. அந்தப் பக்கம் பனிமூட்டத்தைத் தவிர ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் இல்லை.

லாயத்துக்கு நான் வரலாமா கூடாதா என்பதிலேயே உங்கள் தம்பிக்கு முதலில் வியர்த்துவிட்டது. நத்தருக்கு எப்போதும் சட்டம் பேசாமல் சோறு இறங்காதே. ரத்தம் ஒழுகிக்கொண்டு குதிரை நிற்கிறது, இவர் செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடி ஹஜ்ரத்தைக் கேட்டுவிட்டு வருகிறார். "மதினி, கேட்டுட்டேன். அடுப்படி வழியாப் போற எடமெல்லாம் வீடுதானாம். தெருக்கதவு வழியாப் போனாத்தான் வெளியாம். நீங்க தாராளமா நிக்கலாம்." நான் சொன்னேன், "நான் அப்பவே நின்னுட்டுத்தான் இருக்கேன், நீங்க மொதல்ல அந்தத் துணியை அழுத்திப் பிடிங்க." அதற்கு டாக்டரம்மாவுக்குக் கூடச் சிரிப்பு வந்தது. சின்னப் பெண், உங்களுக்குத் தெரியாது, நீங்கள் போன பிறகு மாற்றலாகி வந்தவர். தொடையில் காட்டுமாட்டுக் கொம்பு போன பள்ளத்தில் இவ்வளவு கையை விட்டுக் கழுவினார். உள்ளே ஒரு நூல் உருண்டை மாதிரி என்னமோ வெள்ளையாகத் துடித்தது, நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தைத்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "அம்மா, நிக்கிற வரைக்கும்தான் குதிரை. படுத்துருச்சுன்னா இந்தத் தொடையை வச்சு எந்திரிக்காது." நிற்க வைக்கிறேன் என்றேன். "நின்னா மட்டும் போதாதும்மா. அந்தப் பின்னங்காலைப் பாருங்க, நுனிக்குளம்பு மட்டும் தொட்டுக்கிட்டு நிக்கிறா. மூணு கால்ல எவ்வளவு நேரம் தாங்குவா? நல்ல காலும் சேர்ந்து வீங்கிப் போயிரும். வில்பட்டியில ஒரு பசு கன்னு போட முடியாமக் கெடக்கு, போயிட்டு இந்தப் பாட்டில் முடியறதுக்குள்ள வந்துர்றேன். அதுக்குள்ள காலை ஊணிட்டான்னா வைத்தியம் பாக்கலாம். இல்லன்னா…" அந்த இல்லன்னாவுக்குப் பிறகு அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை, சர்பத்தின் முகத்தைத்தான் பார்த்தார். "வாயில்லா ஜீவனை இழுத்தடிக்கக் கூடாதும்மா." இவ்வளவுதான் விஷயம். இது கடைசிப் பாட்டில். பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், கூப்பிடாதீர்கள். அதோ, அந்தச் சத்தம். நாக்கை மேலண்ணத்தில் வைத்து ஒரு சொடுக்கு, டொக் என்று. உங்களுக்கு அது ஒன்றுதான் பாஷை, வா என்றாலும் அதுதான், போகலாம் என்றாலும் அதுதான். தகரத்துக் கூரையிலிருந்து பனித்தண்ணீர் வாளி விளிம்பில் விழுகிற சத்தம் என்று எனக்குத் தெரியும். வாளி அங்கேதான் இருக்கிறது, நான்தான் வைத்தேன். ஆனால் சொட்டு விழுகிறபோதெல்லாம் இவள் காது நுனி துடிக்கிறதே, வாளிக்கா துடிக்கும்? நகர்த்தலாம் என்றால் பாட்டிலை யார் பிடிப்பது. கை மரத்துப் போய் யாரோ என் தோளில் இன்னொருத்தி கையை ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. டொக். இருங்கள், இருங்கள், இவளுக்கு வேலை இருக்கிறது இங்கே. உங்களுக்கு என்ன, சாயங்காலமானால் ஏரிக்கரை முக்கில் டீக்கடை வாசலில் கயிற்றை இவள் கழுத்திலேயே சுற்றிவிட்டு, போடீ வீட்டுக்கு என்று ஒரு சொடுக்குப் போட்டுவிட்டு டீ கிளாசோடு உட்கார்ந்துவிடுவீர்கள். இவள் ஊர்வலம் மாதிரி தனியாக வருவாள், சுற்றுலா வந்த ஜனங்கள் பயந்து ஒதுங்குவார்கள், இந்தத் தெருக்கதவை மூக்கால் முட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் நான் உங்களுக்கு வெந்நீர் போடுவேன். அப்புறம் நீங்கள் வர வேண்டும். வரவில்லை, பேச்சு ருசியில் நேரம் போய்விட்டது என்றால் இவள் பொறுக்கமாட்டாள், உள்தாழ்ப்பாளை உதட்டால் நெம்பித் தள்ளிக் கதவை இழுத்துத் திறந்துகொண்டு திரும்பவும் முக்குக்கு வந்து உங்கள் முதுகில் மூக்கை வைத்துத் தள்ளுவாள். டீக்கடை முழுக்கச் சிரிக்கும், உதுமான் ராவுத்தரே, சம்சாரம் ஆள் அனுப்பியிருக்கு என்று. நான் அனுப்பவில்லை. நான் ஒரு நாளும் அனுப்பியதில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறாளே, பனி பூராவும் அடுப்படிக்குள் வருகிறதே, திறக்கக் கற்றுக்கொடுத்த மகராசன் சாத்தவும் கற்றுக்கொடுக்கக் கூடாதா என்று நான் கத்தினால், "அவ கெட்டிக்காரிடி சபுரா. சாத்த வேண்டிய அன்னிக்கு அவளே சாத்துவா" என்பீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரு பதில். இன்றைக்கு வாயைத் திறக்கிறீர்களா பாருங்கள்.

இவள் மூக்கிலிருந்து வருகிற காற்று சூடாக இருக்கிறது, இருக்கலாமா, காய்ச்சலா, டாக்டரம்மா வந்தால் கேட்க வேண்டும். உங்கள் மூச்சும் கடைசியில் இப்படித்தான் சூடாக வந்தது, மதுரை ஆஸ்பத்திரியில், ஜன்னல் ஓரக் கட்டிலில். நான் அதைப் பற்றி நினைக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். நினைப்பு அந்தப் பக்கமே சரிகிறது, மழை பெய்த மலைச் சரிவு மாதிரி. காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கண்ணைத் திறக்கிறீர்கள், என்னவோ சொல்ல வருகிறீர்கள், நான் காதைக் கொண்டு வருகிறேன். வாழ்ந்த காலம் பூராவும் ஒருத்தி கூட இருந்தாளே, அவளுக்கு ஒரு வார்த்தை. "அவ வந்துட்டாளா?" என்றீர்கள். சாயங்கால நேரம். நீங்கள் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறதாக நினைப்பு, இவள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாளா என்று கேட்கிறீர்கள். நான் என்ன சொல்வேன்? இவள் மலை மேல் இருக்கிறாள், நாம் மதுரையில் இருக்கிறோம். வந்துட்டா, வந்துட்டா என்றேன். சரி என்று கண்ணை மூடினீர்கள். அது பொய்யில் சேருமா? உங்களைத் தூங்க வைக்கச் சொன்னது. தூங்கியும் போய்விட்டீர்கள். அப்புறம் காட் ரோட்டில் மண் சரிந்து பாறை விழுந்து கிடக்கிறது, வண்டி ஏறாது, உயிர் போன மையத்தை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் நிற்பது என்று வத்தலக்குண்டிலேயே பள்ளிவாசலில் கேட்டு அடக்கினார்கள். எல்லாம் குறைவில்லாமல் நடந்தது, இலந்தை இலை போட்ட தண்ணீர், கற்பூரம், அத்தர், எல்லாம். ஒன்றுதான் நடக்கவில்லை. குதிரை வைத்திருக்கிற நம் வகையறாவில் மையத்தை எடுக்கும்போது சந்தூக்குப் பெட்டியை லாயத்து முன்னால் ஒரு நிமிஷம் இறக்குவார்கள், மையத்தைச் சுற்றின கபன் துணியின் ஓரத்தைக் குதிரை மூக்குக்குக் காட்டுவார்கள். உங்கள் அத்தாவுக்கு அப்படிக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கிழட்டுக் குதிரை கற்பூரத்தை முகர்ந்துவிட்டு இரண்டடி பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டது. மறுநாள் உங்கள் கையால் புல் தின்றது. அது தெரிந்துகொண்டுவிட்டது, வேலை முடிந்தது. இவளுக்கு யார் காட்டினார்கள்? நீங்கள் கீழே மண்ணுக்குள், இவள் மேலே லாயத்துக்குள், நடுவில் ரோட்டில் பாறை. எனக்கு மூக்குத்தியைக் கழற்றச் சொல்ல, வெள்ளைச் சேலை கொடுக்க, கதவைச் சாத்தச் சொல்ல ஒரு தெரு ஜனம் வந்தது. இவளிடம் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லாததோடு விட்டிருக்கலாம். நத்தர் முதல் நாள் ஏறப் போனார், எடுத்துப் போட்டாள். இரண்டாம் நாளும் எடுத்துப் போட்டாள். சவாரி இல்லையென்றால் இவளுக்குக் கொள்ளு எங்கிருந்து வரும். அப்புறம்தான் என்னிடம் வந்து நிலைப்படியில் நின்று தலையைச் சொறிந்தார், "மதினி, அண்ணனோட பச்சை ஸ்வெட்டர் இருக்குல்ல, அதைத் தாங்களேன்." நான் கொடுத்தேன். முழங்கையில் பச்சை நூல் கிடைக்காமல் நான் நீல நூல் போட்டுத் தைத்த அதே ஸ்வெட்டர், பீடியும் குதிரை வியர்வையும் யூகலிப்டஸ் தைலமும் ஊறினது. அதைப் போட்டுக்கொண்டு போனார், ஏற விட்டாள், கழுத்தை வேறு வளைத்து அவர் நெஞ்சில் முகர்ந்தாளாம். "குதிரையை ஏமாத்திட்டேன் மதினி!" என்று வந்து சிரித்தார். சிரித்த வாய் கொஞ்ச நேரத்தில் கோணிக்கொண்டது, அழுகையை என்னிடம் காட்டாமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவருக்கும் நீங்கள் அண்ணன்தானே. பகல் பூராவும் நீங்கள் இருந்தீர்கள் இவளுக்கு. ஏரியைச் சுற்றினீர்கள். சாயங்காலம் நத்தர் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போவார், அந்த நிமிஷத்தில் நீங்கள் காணாமல் போவீர்கள். தினமும். நான் அடுப்படியில் இருந்து கேட்பேன், தாழ்ப்பாளைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார், இவள் அந்தக் கயிற்றை மென்றுகொண்டிருப்பாள், நற நற என்று, இரவு உணவு தின்கிற மாதிரி பொறுமையாக. நேற்றைக்குக் கயிறு அறுந்தது. டீக்கடைக்காரர்தான் வந்து சொன்னார், கடையைச் சாத்திவிட்டு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாராம். குப்பைத் தொட்டியில் முட்டைக்கோஸ் தழை தின்ன காட்டுமாடு ஒன்று வந்திருக்கிறது, ஒற்றை மாடு, கொம்பு இப்படி. "நாங்க எல்லாரும் ஓடிட்டோம். இது மட்டும் ஒதுங்கவே இல்லைம்மா. ராவுத்தர் உக்கார்ற பெஞ்சு முன்னால எடம் புடிச்ச மாதிரி நின்னுச்சு. மாடு செருமுது, இது பெஞ்சைப் பாத்துக்கிட்டே நிக்குது." கொம்பு ஏறின பிறகும் நின்றதாம். அப்புறம் மூன்று காலில் வீட்டுக்கு வந்து, நான் சாத்திவைத்திருந்த கதவை மூக்கால் முட்டினாள். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டு, கேளுங்கள் இதை, பழக்க தோஷத்தில் அடுப்பில் வெந்நீரை வைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

டொக். சொல்லிக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். தொட்டுக்கொண்டிருந்த நுனிக்குளம்பும் இப்போது மேலே ஏறிவிட்டது பாருங்கள். நல்ல கால் நடுங்குகிறது, அந்த நடுக்கம் இவள் விலா வழியாக என் தோளுக்கு வருகிறது, யார் நடுங்குகிறோம் என்று தெரியவில்லை. பாட்டிலில் மூன்று விரல் அளவு இருக்கிறதா, இரண்டா. நத்தர் மருந்துக் கடைக்குப் போகும்போது அந்த ஸ்வெட்டரை ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். "உங்க கையில நிக்கலன்னா அண்ணன் கையில நிப்பா மதினி, வேணும்னாப் போட்டுக்கங்க" என்று சொன்னார். போடலாம். ஒரு கையை நுழைத்தால் கூடப் போதும், அந்த நிமிஷமே நீங்கள் வந்துவிடுவீர்கள், இவள் தலையை என் நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்பாள், டாக்டரம்மா வருகிறவரை நிற்பாள். அப்புறம் சாயங்காலம் அதைக் கழற்ற வேண்டும். அப்புறம் நாளைச் சாயங்காலம். இன்னொரு பக்கம் என் இடுப்பில் ஒரு முடிச்சு இருக்கிறது, உங்களுக்குத் தெரியாது, நத்தருக்கும் தெரியாது. கபன் வெட்டியபோது மிஞ்சின துண்டு. அத்தர் பூசின கையை அதில் துடைத்து ஓரமாகப் போட்டார்கள், நான் எடுத்து ஒரு வில்லைக் கற்பூரத்தோடு சுருட்டி வைத்துக்கொண்டேன், எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. தலையணைக்குக் கீழே வைப்பேன், பகலில் இடுப்பில் இருக்கும். இவளிடம் காட்டத்தான் வைத்திருந்தேன் என்றால் ஏன் இத்தனை நாள் காட்டவில்லை? அடுப்படிக்கும் லாயத்துக்கும் நடுவில் ஒரு நிலைப்படிதானே. இவள் ஒருத்தி சாயங்காலமானால் நீங்கள் வருவீர்கள் என்று காதைத் தூக்கி நிற்கிறாள், அதை அடுப்படியிலிருந்து நான் பார்க்கிறேன், பார்க்கிறபோது எனக்கும் அரை நிமிஷம் நீங்கள் வருகிற மாதிரி இருக்கும். அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் என்று வையுங்கள். இப்போது காட்டினால் விழுந்துவிடுவாளோ? மனசு விட்டுவிட்டால் மிருகம் நிற்குமா? காட்டாவிட்டால் மட்டும் நிற்கப் போகிறாளா, அந்த வாசலைப் பார்த்துப் பார்த்து, நீங்கள் சொடுக்குகிற சொடுக்குக்குக் கழுத்து நீண்டு நீண்டு, இதோ, சாய்கிறாளே. ஏ சர்பத்து. ஏ கழுதை. சாயாதே. உங்களிடம் நான் ஒரு பொய் சொன்னேன், போதும், இவளிடமும் சொல்ல முடியாது.

இடது கையால் முடிச்சை அவிழ்த்தேன், வராமல் பல்லால் இழுத்தேன், துணி வந்தது. வெள்ளையாகத்தான் இருக்கிறது இன்னும். கற்பூர வாசம் குப்பென்று வந்து எனக்கே மதுரைக் கட்டில் ஞாபகம் தலையைச் சுற்றியது. அவள் மூக்குக்குக் கீழே பிடித்து, சத்தமாகத்தான் சொன்னேன், நீங்கள் கேட்டாலும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று, "உதுமான் ராவுத்தர் மவுத்தாயிட்டாரு சர்பத்து. வத்தலக்குண்டுல அடக்கியாச்சு. வர மாட்டாரு. நீ போய்க் கூப்பிட்டாலும் வர மாட்டாரு." முகர்ந்தாள். நிறுத்தினாள். திரும்பவும் முகர்ந்தாள், இந்தத் தடவை நெஞ்சுக்குள் இழுக்கிற மாதிரி நீளமாக. மேலுதட்டைச் சுருட்டிப் பல்லெல்லாம் தெரியத் தலையை மேலே தூக்கி அப்படியே நின்றாள், தெரியாதவர்கள் பார்த்தால் சிரிக்கிறாள் என்பார்கள். அப்புறம் ஒரு பெருமூச்சு, என் சேலைத் தலைப்பு பறந்தது. தலை தாழ்ந்துகொண்டே போனது, முழங்கால் வரை, கூளம் வரை. கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். தோளை முட்டுக் கொடுத்தேன், என் எடை அவளுக்கு எம்மாத்திரம், பாட்டிலில் கடைசி விரல் அளவும் குழாய்க்குள் இறங்குகிறது, தெரு முனையில் டாக்டரம்மாவின் ஜீப் ஹாரன் கேட்கிறது, டொக் என்று வாளியில் ஒரு சொட்டு விழுகிறது. காது துடிக்கும் என்று பார்த்தேன். துடிக்கவில்லை. இன்னொரு சொட்டு. இரண்டு காதும் பக்கவாட்டில் தொங்கிக் கிடக்கின்றன, கேட்டு முடித்தவள் காது மாதிரி. அப்போதுதான் அந்தப் பின்னங்கால் இறங்கியது. முதலில் நுனி, அப்புறம் தைத்த இடம் எல்லாம் குலுங்கக் குலுங்க முழுக் குளம்பும் தரையில், ஊன்றி, அழுத்தி, அதன் மேல் உடம்பைக் கொண்டுவந்து ஓரடி வைத்தாள். நான் பாட்டிலோடு அவள் கூடவே இழுபட்டுப் போனேன். நீங்கள் புல்லுக்கட்டு மேல் இருக்கிறீர்களா, வெளியே பனியில் நிற்கிறீர்களா, எனக்குத் தெரியாது, அவளும் பார்க்கவில்லை. இன்னோர் அடி வைத்துச் சுவருக்கும் திறந்து கிடந்த கதவுக்கும் நடுவில் மூக்கை நுழைத்து, கதவைத் தள்ளிச் சாத்திவிட்டு, உதட்டால் தாழ்ப்பாளைப் போட்டாள்.